பள்ளிக்கூடச் செலவு: நோட்டுக்கடை அக்காவிடம் கேளுங்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி பள்ளிக்கூடச் செலவைப் பற்றித்தான். அம்பத்தூரில் பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே நோட்டுக்கடை நடத்தியவள் நான். இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். சரக்கு எடுக்கப் பாரிமுனைக்குப் போவது மட்டும் இன்னும் என் வேலை. கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பர்ஸைத் திறந்து திறந்து பார்க்கும் தாய்மார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை நினைத்துத்தான் இந்த இதழ் முழுவதையும் இந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கினேன்.

மூத்தவன் ஏழாம் வகுப்பு, சின்னவள் மூன்றாம் வகுப்பு. இருவரும் மெட்ரிக் பள்ளி. பள்ளி கொடுத்த லிஸ்ட்டில் நோட்டு மட்டும் முப்பத்தாறு! பிள்ளைகளோ பென்சில் பாக்ஸிலிருந்து பை வரை எல்லாம் புதுசு கேட்கிறார்கள். எங்கே குறைப்பது அக்கா?
- வாசகி, ஆவடி

லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போகாதீர்கள். முதலில் வீட்டில் இருக்கும் போன வருஷத்து நோட்டுகளை எல்லாம் கூடத்தில் பரப்பி உட்காருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடத்துக்கு எத்தனை பக்கம் எழுதியிருக்கிறார்கள் என்று புரட்டிப் பார்த்தாலே உங்களுக்குப் புரிந்துவிடும். கணக்குக்கு இரண்டு நோட்டு தீர்ந்திருக்கும். பொது அறிவு, நீதிபோதனை, கம்ப்யூட்டர் நோட்டுகளில் முதல் இருபது பக்கத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். அந்தப் பாடங்களுக்கெல்லாம் இந்த முறை மெல்லிய நோட்டு போதும்.

மிஞ்சிய வெள்ளைப் பக்கங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நோட்டை நடுப்பக்கத்தில் விரித்து, ஸ்டேப்ளர் பின்னின் கால்களை ஸ்பூன் காம்பால் நிமிர்த்துங்கள். எழுதாத தாள்களை இரட்டைத் தாளாகவே உருவுங்கள், கிழித்து ஒற்றையாக்க வேண்டாம். நான்கைந்து நோட்டுகளில் உருவியதைச் சேர்த்து அடுக்கி, ஒரு இரவு பாரம் வைத்து அழுத்துங்கள். மறுநாள் மடிப்பில் மூன்று துளை போட்டு, கோணி ஊசியில் தடித்த நூல் கோத்து, நடுத் துளையில் ஆரம்பித்து நடுத் துளையிலேயே முடிச்சுப் போடுங்கள். பழைய அட்டையையே வெளியே வைத்துத் தைத்துவிடலாம். ஏழாம் வகுப்புப் பையனுக்கு ரஃப் நோட்டு தயார். அவனையே தைக்க விடுங்கள். தானே தைத்த நோட்டைப் பிள்ளைகள் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.

அப்புறம், முப்பத்தாறு நோட்டையும் ஜூன் மாதத்திலேயே வாங்க வேண்டியதில்லை. மெட்ரிக் பள்ளியிலும் இப்போது அரசுப் பாடநூல்தான். ஏழாம் வகுப்பு வரை அந்தப் புத்தகங்கள் மூன்று பருவமாகத்தான் வருகின்றன. அதனால் முதல் பருவத்துக்கு வேண்டியதை மட்டும் இப்போது வாங்குங்கள். வகுப்பு ஆசிரியையிடம், "மிஸ், இப்போதைக்கு எந்தெந்த நோட்டு வேண்டும்?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். பல ஆசிரியைகள் இதை விரும்பவும் செய்கிறார்கள், மொத்தமாக வந்து இறங்கும் நோட்டுக் கட்டை வகுப்பில் வைக்க அவர்களுக்கும் இடம் இருப்பதில்லை. காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு கடைகளில் கூட்டமே இருக்காது. நின்று நிதானமாகப் பார்த்து வாங்கலாம்.

அட்டை போட பிரவுன் ஷீட் கட்டாயம் என்று பள்ளி சொல்லாவிட்டால், போன வருஷத்து மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய அட்டை போடுங்கள். சிவகாசி காலண்டர் தாள் பிரவுன் ஷீட்டைவிடக் கெட்டி.

நோட்டு வாங்கும்போது விலை குறைவாக இருப்பதை எடுப்பதா, பெரிய கம்பெனி நோட்டு எடுப்பதா? மொத்தக் கடையில் வாங்கினால் உண்மையிலேயே லாபம்தானா?
- வாசகர், தாம்பரம்

பெயரையும் பார்க்காதீர்கள், விலையை மட்டும் பார்த்தும் எடுக்காதீர்கள். பக்கத்துக்கு என்ன விலை விழுகிறது என்று பாருங்கள். ஒரு குயர் என்பது 24 முழுத் தாள். அதை மடித்தால் 48 இலை, 96 பக்கம். இரண்டு குயர் நோட்டு என்றால் 192 பக்கம். உதாரணத்துக்கு, 96 பக்க நோட்டு 35 ரூபாய், 192 பக்க நோட்டு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் ஒரு பக்கம் சுமார் 36 பைசா, இரண்டாவதில் 31 பைசா. கணக்கு, அறிவியல் மாதிரி நிறைய எழுதும் பாடங்களுக்கு இரண்டு குயர்தான் லாபம். ஆனால் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தடி நோட்டு வாங்காதீர்கள். பாதி எழுதுவதற்குள் அட்டை பிய்ந்துவிடும், பையும் கனக்கும்.

பின் அட்டையில் பக்க எண்ணிக்கைக்குக் கீழே பொடி எழுத்தில் "அட்டவணை, அச்சிட்ட பக்கங்கள் உட்பட" என்று ஆங்கிலத்தில் போட்டிருப்பார்கள். அதைத் தேடிப் படியுங்கள். எழுதக் கிடைக்கும் பக்கம் அட்டையில் போட்டிருக்கும் எண்ணைவிடக் கொஞ்சம் குறைவுதான்.

தாளைச் சோதிப்பது ரொம்பச் சுலபம். ஒரே ஒரு தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பின்பக்கத்துக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தால் மை ஊறும். நோட்டில் சாதாரணமாக வருவது 54 முதல் 60 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராம் கணக்கில்) தாள். மை பேனாவில் எழுதும் பிள்ளைக்கு 60-க்குக் குறையாமல் பாருங்கள். பால் பாயின்ட் பேனா என்றால் அதற்குக் கீழே இருந்தாலும் பரவாயில்லை. அடுத்து நடுப்பக்கத்தை விரித்து, ஸ்டேப்ளர் பின் சரியாக மடிப்பிலேயே விழுந்திருக்கிறதா பாருங்கள். மடிப்பிலிருந்து விலகி விழுந்திருந்தால் ஆடி மாதத்திலேயே நடுத்தாள் கழன்று கையோடு வரும். வருஷம் முழுக்கப் புரட்டும் நோட்டுக்கு நூல் தையல் போட்டது கிடைத்தால் அதையே எடுங்கள்.

மொத்தக் கடை லாபம்தான், டஜன் கணக்கில் வாங்க ஆள் சேர்ந்தால். பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு, பந்தர் தெரு இரண்டிலும் தாளும் எழுதுபொருளும் மொத்த வியாபாரம். ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ், இரண்டு நோட்டு என்று போய் நின்றால் அங்கே உங்களுக்கு விலை குறையாது. உங்கள் தெருவில் நான்கு வீடு சேர்ந்து ஒரே லிஸ்ட்டாக எழுதி, இரண்டு பேர் மட்டும் போய் வாருங்கள். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். வார நாளில் காலை பதினொரு மணிக்குள் போனால் கடைக்காரர் சாம்பிளை எடுத்துக் காட்டிப் பொறுமையாகப் பேசுவார். மே கடைசி வாரத்தில் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது, அவர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது.

ஒன்று மறக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர், கிரேயான் எதற்கும் ஜி.எஸ்.டி. கிடையாது. அதற்கு முன்பு நோட்டுக்கும் பென்சிலுக்கும் 12 சதவீதம் இருந்தது. ஜியோமெட்ரி பாக்ஸுக்கு இப்போது 5 சதவீதம். பில்லில் நோட்டுக்கு நேரே வரி போட்டிருந்தால் அந்த இடத்திலேயே கேளுங்கள். அது உங்கள் பணம்.

என் மகள் சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்கிறாள். நோட்டு, புத்தகம், சீருடை, ஷூ எல்லாவற்றையும் அவர்கள் சொல்லும் ஒரே கடையில்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். வெளியே பாதி விலைக்குக் கிடைக்கும் சாமான் அங்கே இரட்டிப்பு. கேட்டால் குழந்தையிடம் கோபத்தைக் காட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, கோவை

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. கடையில் இதைச் சொல்லிக் கண் கலங்கிய பெற்றோரை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. புத்தகம், நோட்டு, சீருடை, ஷூ, பை எல்லாவற்றையும் குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும் என்று பெற்றோரைக் கட்டாயப்படுத்துவதைப் பள்ளிகள் நிறுத்த வேண்டும் என்று சி.பி.எஸ்.இ. 2017 ஏப்ரலிலேயே சுற்றறிக்கை அனுப்பியது.

தனியாகப் போய்ப் பேசாதீர்கள். அதே வகுப்புப் பெற்றோர் நாலைந்து பேர் கையெழுத்துப் போட்டு, பள்ளி முதல்வருக்கு மரியாதையாக ஒரு கடிதம் கொடுங்கள். "வாங்க மாட்டோம்" என்று எழுத வேண்டாம். "நோட்டின் அளவு, பக்கம், கோடு, அட்டை நிறம், சீருடைத் துணியின் நிறம் ஆகிய விவரங்களைத் தந்தால் நாங்களே அதேபோல் வாங்கிக்கொள்கிறோம்" என்று எழுதுங்கள். அப்படிக் கேட்டால் மறுப்பது கஷ்டம். பள்ளி முத்திரை வேண்டும் என்றால் லேபிளையும் பேட்ஜையும் மட்டும் அவர்களிடம் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம், தைத்துக்கொள்ளலாம். பெயர் பல பேருடையதாக இருந்தால் ஒரு குழந்தையைத் தனியாகக் குறிவைக்கவும் முடியாது.

அதற்கும் அசையவில்லை என்றால் சென்னை அண்ணா நகரில் சி.பி.எஸ்.இ. மண்டல அலுவலகம் இருக்கிறது, அங்கே எழுதுங்கள். மெட்ரிக் பள்ளிப் பெற்றோர் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு கொடுக்கலாம். எப்படியானாலும் வாங்கியதற்கு ரசீது கேட்டு வாங்கி வையுங்கள். ரசீது இல்லாமல் புகார் நிற்காது.

புத்தகத்தில் ஒரு விஷயம். மத்திய அரசு அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் பாடப் புத்தகத்தின் விலை பின் அட்டையிலேயே அச்சாகியிருக்கும், அதிகமும் இருக்காது. செலவை ஏற்றுவது அதோடு சேர்த்துக் கட்டும் தனியார் பதிப்பகப் புத்தகங்கள்தான். அவற்றில் எதைப் போன வருஷம் வகுப்பில் உண்மையில் நடத்தினார்கள் என்று மேல் வகுப்புக் குழந்தையின் அம்மாவிடம் விசாரியுங்கள். நடத்தாத புத்தகத்தின் பெயரையும் அதே கடிதத்தில் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பழைய புத்தகம் வாங்கலாமா? என் மனைவிக்கு அதில் மனசில்லை. "பிள்ளை மற்றவர்கள் முன்னால் கூனிக் குறுகுவான்" என்கிறாள்.
- வாசகர், மதுரை

தாராளமாக வாங்கலாம், ஆனால் பதிப்பு ஆண்டைப் பார்த்து. என்.சி.இ.ஆர்.டி.யில் 3, 6 வகுப்புகளுக்கு 2024-லும், 4, 5, 7, 8 வகுப்புகளுக்கு 2025-லும் புதுப் புத்தகம் வந்துவிட்டது. அந்த வகுப்புகளின் பழைய பதிப்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வீண். மாநிலப் பாடத்திட்டப் புத்தகம் என்றால் முதல் பக்கத்தைத் திருப்பி எந்த ஆண்டு அச்சு, திருத்திய பதிப்பா என்று பார்த்து, பள்ளியில் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். அகராதி, அட்லஸ், இலக்கணப் புத்தகம், பழைய வினாத்தாள் தொகுப்பு இவற்றைப் பழசாக வாங்குவதில் பெரிதாக நஷ்டம் வராது. பயிற்சிப் புத்தகத்தை மட்டும் பழசாக வாங்காதீர்கள், விடையெல்லாம் எழுதியிருக்கும்.

கடைக்குப் போவதற்கு முன் உங்கள் தெருவிலேயே ஒரு வகுப்பு மேலே படிக்கும் பிள்ளையின் வீட்டில் கேளுங்கள். முழு ஆண்டுத் தேர்வு முடிந்த அன்றே கேட்க வேண்டும், மே மாதம் என்றால் எடைக்குப் போயிருக்கும். உங்கள் பிள்ளையின் புத்தகத்தையும் அப்படியே கீழ் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மனைவியின் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் கவனிப்பது அட்டையும் ஓரமும்தான். ஓரங்களில் மணல் காகிதத்தை லேசாகத் தேயுங்கள், அழுக்கு போய்விடும். கிழிந்த முதுகில் துணி டேப் ஒட்டி, பழைய பெயர் இருக்கும் பக்கத்தில் புது லேபிள் ஒட்டி, மற்ற புத்தகங்களுக்குப் போட்ட அதே அட்டையைப் போட்டுவிட்டால் எது பழசு என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் அரசுப் பாடநூல்கள் எல்லாமே பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டில் படிக்க அது போதும் என்றால் இரண்டாவது பிரதி வாங்கும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

சீருடை, ஷூ இரண்டும் ஆறு மாதத்தில் சின்னதாகிவிடுகிறது. இரண்டு அளவு பெரிதாக வாங்கிவிடட்டுமா?
- வாசகி, செங்கல்பட்டு

சீருடையில் சரி, ஷூவில் கூடாது. கால் உள்ளே வழுக்கினால் குதிகால் தோல் உரியும், ஓடும்போது விழுவார்கள். மாலை நேரத்தில் கால் சற்று வீங்கியிருக்கும், அப்போது சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நிற்க வைத்து, பெருவிரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். பிள்ளைச் செலவில் கை வைக்கக் கூடாதது ஷூ என்பது என் எண்ணம். நோட்டில் மிச்சப்படுத்தியதை இதில் போடுங்கள்.

சீருடைக்குத் துணி எடுத்துத் தைப்பதுதான் கட்டுப்படியாகும். சென்னையில் கோடவுன் தெருவில் மொத்தத் துணிக்கடைகள் இருக்கின்றன, இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து எடுக்கலாம். துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திவிட்டுத் தைக்கக் கொடுங்கள், சுருங்குவது முன்பே சுருங்கிவிடும். பேன்ட்டுக்கும் ஸ்கர்ட்டுக்கும் கீழே மூன்று அங்குலம், இடுப்பில் ஒன்றரை அங்குலம் உள்மடிப்பு விடச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெய்லர் வெட்டிவிடுவார். ஜூனில் இரண்டு செட் மட்டும் தைத்து, மூன்றாவதைத் தீபாவளிக்குப் பிறகு அப்போதைய அளவுக்குத் தையுங்கள். இரண்டு செட்டை மாற்றி மாற்றித் துவைப்பது மழைக்காலத்தில் கொஞ்சம் சிரமம்தான், ஆனால் பீரோவிலேயே சின்னதாகிப் போகும் மூன்றாவது செட்டுக்கு இது மேல்.

நான் வீட்டு வேலை செய்கிறேன். இந்த வருஷம் மகளை அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்த்திருக்கிறேன். என்னென்ன கொடுப்பார்கள், நான் எதை வாங்க வேண்டும்?
- வாசகி, வியாசர்பாடி

பாடநூல், நோட்டு, புத்தகப் பை, காலணி, ஜியோமெட்ரி பாக்ஸ், அட்லஸ் இதெல்லாம் அரசு தருகிறது. எட்டாம் வகுப்பு வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு நான்கு செட் சீருடை உண்டு. பள்ளிக்குச் செல்ல இலவச பஸ் பாஸ் உண்டு. புதுப் பாஸ் கைக்கு வரும்வரை சீருடையிலோ பழைய பாஸிலோ போகலாம் என்று ஒவ்வொரு வருஷமும் அறிவிப்பார்கள், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

எல்லாம் ஒரே நாளில் கையில் வந்துவிடாது. அதனால் முதல் சில வாரங்களுக்கு இரண்டு சாதா நோட்டு, பேனா, பென்சில், தண்ணீர் பாட்டில் மட்டும் வாங்குங்கள். ஐந்தாம் வகுப்புப் பை நன்றாக இருந்தால் அதையே துவைத்துக் கொடுங்கள். யாராவது "தனியார் பள்ளிப் பிள்ளை மாதிரி எல்லாம் வாங்கிக் கொடு" என்றால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சத்துணவுப் பதிவில் மகளின் பெயர் இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள், சீருடை அதைப் பொறுத்துத்தான். உங்கள் மகள் நன்றாகப் படிக்கட்டும் அம்மா.

கார்ட்டூன் படம் போட்ட பைதான் வேண்டும் என்று யு.கே.ஜி. பையன் அழுகிறான்.
- வாசகி, வேலூர்

சாதாப் பை வாங்கி, அவனுக்குப் பிடித்த ஸ்டிக்கரையோ துணிப் படத்தையோ ஒட்டிக் கொடுங்கள். அடுத்த வருஷம் வேறு படம் பிடிக்கும், படத்தை மட்டும் மாற்றினால் போதும். வாங்கும்போது தோளில் மாட்டும் பட்டை பையோடு சேரும் இடத்தில் இரட்டைத் தையல் இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். பை முதலில் பிய்வது அங்கேதான். வெறும் பையே கனமாக இருந்தால் வாங்காதீர்கள். புத்தகத்தோடு சேர்த்துப் பையின் எடை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020-ல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கையே சொல்கிறது.

ஒவ்வொரு ஜூனிலும் என் வளையல் அடகுக்குப் போகிறது. மீட்பதற்குள் அடுத்த ஜூன் வந்துவிடுகிறது. இதற்கு வழியே இல்லையா?
- வாசகி, திருவண்ணாமலை

இருக்கிறது, ஆனால் அடுத்த ஜூனுக்குத்தான். இந்த வருஷம் செய்த செலவை ஒரு நோட்டில் ஒன்றுவிடாமல் எழுதுங்கள், கட்டணத்தைத் தனியாக, சாமான் செலவைத் தனியாக. இரண்டையும் கூட்டிப் பத்தால் வகுங்கள். அந்தத் தொகையை ஜூலையிலிருந்து ஏப்ரல் வரை மாதாமாதம் வங்கியில் ஆர்.டி. (தொடர் வைப்பு) கட்டுங்கள். பத்து மாதத்துக்கு ஆர்.டி. போட முடியுமா என்று கேட்டு ஆரம்பியுங்கள், மே மாதம் பணம் கைக்கு வந்துவிடும். தபால் நிலைய ஆர்.டி. பாதுகாப்பானது, மாதம் நூறு ரூபாயில்கூடத் தொடங்கலாம். ஆனால் அது ஐந்து வருஷத் திட்டம், ஜூன் செலவுக்கு உதவாது.

முழுத் தொகை முடியாவிட்டால் சாமான் செலவுக்கு மட்டுமாவது போடுங்கள். மகளிர் குழுவில் இருக்கிறீர்கள் என்றால் மே மாத உள்கடனுக்கு ஜனவரியிலேயே பெயர் கொடுத்து வையுங்கள். நகை வைத்தே ஆக வேண்டிய வருஷம் வந்தால் தெருமுனை அடகுக்கடை வேண்டாம், கூட்டுறவு வங்கியில் வட்டி என்ன என்று முதலில் விசாரியுங்கள். வட்டியை மாதாமாதம் கட்டிவிடுங்கள், சேர விடாதீர்கள். இப்போது அடகில் இருக்கும் வளையலின் ரசீதை எடுத்து, எந்தத் தேதிக்குள் மீட்க வேண்டும் என்று இன்றே பார்த்துவிடுங்கள். ஆர்.டி. தொகையை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.